புதுப் போனுக்குக் காப்புறுதி: 13,200 ரூபாய் கட்டலாமா, விடலாமா?

கொட்டாஞ்சேனை_ரீச்சர்
எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை லிபர்ட்டி பிளாசாவில் 189,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கினேன். ஒன்றரை வருடம் சீட்டுக் கட்டி எடுத்த காசு. பில் போடும்போது கடைத் தம்பி ஒரு வருடக் காப்புறுதிக்கு 13,200 ரூபாய் கேட்டார். விழுந்து உடைந்தாலும், தண்ணீர் போனாலும், களவு போனாலும் காசு வருமாம். ஆனால் ஒவ்வொரு கிளெயிமிலும் 15 சதவீதம் என் கையிலிருந்து போகும். வாங்கி ஏழு நாளுக்குள் சேர வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி. காலையும் மாலையும் பஸ்ஸில் நின்றபடிதான் என் பயணம். இரவில் இதே போனை ஸ்டாண்டில் வைத்து சூமில் வகுப்பெடுக்கிறேன். கட்டவா, விடவா?

வெள்ளவத்தைக்_கணக்கர்
விடுங்கள் ரீச்சர். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

இந்த விலைப் போனுக்கு, போன் கம்பனியின் ஏஜென்ட்டிடம் டிஸ்பிளே மாற்ற 62,000 ரூபாய் ஆகிறது என்று வைப்போம். அதில் 15 சதவீதம், அதாவது 9,300 ரூபாய் உங்களுடையது. காப்புறுதிக் கம்பனி தருவது 52,700. அதை 13,200ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட நான்கு. நான்கு வருடத்துக்கு ஒரு தடவை டிஸ்பிளே உடைத்தால்தான் கட்டிய காசும் வந்த காசும் சரிக்குச் சரி. அதற்குக் குறைவாக உடைப்பவர் நட்டப்படுகிறார். இதுவரை எத்தனை போன் வைத்திருந்தீர்கள், எத்தனை உடைந்தது? அதை எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் கட்டும் காசு முழுக்க கிளெயிமுக்குப் போவதில்லை. கடைக்குக் கொமிஷன், கந்தோர்ச் செலவு, கம்பனியின் இலாபம் எல்லாம் அதற்குள்தான். வீடு எரிந்தால், ஆஸ்பத்திரியில் படுத்தால் எங்களால் தாங்க முடியாது. அதற்குக் காப்புறுதி வேண்டும். போன் உடைவது வலிக்கும், ஆனால் அதனால் குடும்பம் விழாது. அந்த 13,200ஐ தனியாக ஒரு கணக்கில் போட்டு வையுங்கள். உடையாவிட்டால் அது உங்கள் காசாகவே இருக்கும்.

ரைடர்_தெமட்டகொட
கணக்கர் அண்ணா, "குடும்பம் விழாது" என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எங்கள் வீட்டில் விழும். நான் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். போன் இல்லாத நாள் எனக்குச் சம்பளம் இல்லாத நாள்.

போன வருட மழைக்குள் ஆமர் வீதிப் பக்கம் தண்ணீர் மூடிய ஒரு குழியில் சில்லு இறங்கியது. மோட்டார் சைக்கிளை நிமிர்த்திப் பார்த்தால் கைப்பிடியில் ஹோல்டரின் கிளிப் மட்டும் இருக்கிறது. போன் பின்னால் வந்த வேனுக்குக் கீழே. 96,000 ரூபாய்ப் போன், வாங்கி நாலு மாதம். அன்று என் கையில் இருந்தது 6,000. காப்புறுதி இருந்தபடியால் 71,000 ரூபாய் வந்தது. இல்லாவிட்டால் வட்டிக்குத்தான் போயிருப்பேன். மாதம் ஐநூறு, அறுநூறு கொடுக்க என்னால் முடியும். எழுபதாயிரத்தை ஒரே நாளில் புரட்ட முடியாது. நான்கு வருடக் கணக்கு, பொறுத்திருக்க வசதி உள்ளவரின் கணக்கு.

வெள்ளவத்தைக்_கணக்கர்
தம்பி, உங்கள் நிலைமை வேறு என்பதை ஏற்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: காசு வர எத்தனை நாள் ஆனது?

ரைடர்_தெமட்டகொட
19 நாள். அதுவரை மச்சானின் பழைய போனில் ஓடினேன்.

வெள்ளவத்தைக்_கணக்கர்
அந்த 19 நாளும் உங்களைக் காப்பாற்றியது மச்சானின் போன்தானே. பழைய போன் ஒன்றைச் சார்ஜ் போட்டு அலுமாரிக்குள் வைத்திருந்தால் உழைப்பு நிற்காது. உழைப்பு நிற்காவிட்டால் மிச்சக் காசைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ரைடர்_தெமட்டகொட
சேர்ப்பதைப் பற்றி 2022இல் எங்களுக்கு நல்ல பாடம் கிடைத்தது அண்ணா. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. போன் வாங்கவென்று 80,000 சேர்த்து வைத்த என் தம்பி, அந்தக் காசோடு கடைக்குப் போய்த் திரும்பி வந்தான். அப்புறம் 2024 ஜனவரியில் போனுக்கும் 18 சதவீத வற் வரி வந்தது. வங்கியில் கிடக்கும் 13,200 போனின் விலையோடு சேர்ந்து ஏறாது.

வெள்ளவத்தைக்_கணக்கர்
அதே கத்தி காப்புறுதியையும் வெட்டும். காப்புறுதிப் பத்திரத்தில் எழுதியிருப்பது வாங்கிய நாளின் பில் தொகை. விலை இரண்டு மடங்கானாலும் அவர்கள் தருவது அந்தத் தொகையில்தான், அதுவும் தேய்மானம், அதாவது போன் பழசானதற்கான குறைப்பு, கழித்து. ரீச்சரின் போன் ஏழாம் மாதத்தில் முழுதாகப் போய், தேய்மானம் 20 சதவீதம் என்று வைப்போம். 151,200 வரும். அதில் 15 சதவீதம் போனால் 128,520. விலை ஏறாமல் இருந்தாலே மேலே 60,480 போட வேண்டும். இதைக் கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை.

திருத்துநர்_புறக்கோட்டை
இருவர் சொல்வதையும் வாசித்தேன். பதினோரு வருடமாகப் போன் திருத்துகிறேன், மேசைக்கு வருவதை வைத்துச் சொல்கிறேன்.

அதிகம் வருவது டிஸ்பிளே. பெரும்பாலும் மூலையில் அடிபட்டிருக்கும். ஃபிரேம் மயிரளவு வளைந்திருந்தாலும் புது டிஸ்பிளே சரியாக உட்காராது, ஒரு மாதத்தில் ஓரம் தூக்கும். அடுத்தது தண்ணீர். இங்கேதான் சனம் ஏமாறுகிறது. தண்ணீர் தாங்கும் தரத்தைக் காட்டும் ஐபி68 என்ற குறி பெட்டியில் இருந்தால் கடலில் இறங்கலாம் என்று நினைக்கிறார்கள். அது நன்னீரில், ஆய்வுகூடத்தில், புதுப் போனில் செய்த சோதனை. ஒருமுறை விழுந்த போனின் ரப்பர் ஒட்டு பழையபடி இருக்காது. காலிமுகத்திடலில் பிள்ளைகளோடு அலையில் நின்று படம் எடுத்த போன்கள் திங்கட்கிழமை வரும். சார்ஜ் போடும் துளையில் பச்சை பூத்திருக்கும்.

வாரண்டி தண்ணீருக்குக் கைகொடுக்காது, அது தயாரிப்புக் குறைக்கு மட்டும். ஐபோனில் சிம் தட்டைக் கழற்றி உள்ளே லைட் அடித்துப் பாருங்கள், ஒரு சின்ன ஒட்டு இருக்கும். தண்ணீர் பட்டால் சிவப்பாகிவிடும். ஏஜென்ட் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சரி, காப்புறுதி தண்ணீருக்குத் தருமா? பல பத்திரங்களில் "திடீரென, எதிர்பாராமல்" நடந்த விபத்து என்று இருக்கும். வாளிக்குள் விழுந்தால் அது விபத்து. குளியலறை ஆவியிலும் கடற்காற்றிலும் மெல்ல மெல்லப் பழுதானால் கிளெயிம் நிற்காது.

தயவுசெய்து ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். காப்புறுதி இருக்கும் போன் உடைந்தால் முதலில் எங்களிடம் கொண்டுவர வேண்டாம். நாங்கள் ஒரு திருகாணியைக் கழற்றினாலும், "வெளியாள் திறந்தது" என்று கம்பனி கையை விரித்துவிடும். என் மேசையிலேயே மூன்று பேருக்கு அப்படி நடந்தது. இப்போது போனைத் தொடுமுன் "காப்புறுதி இருக்கிறதா?" என்று கேட்கிறேன்.

ரைடர் தம்பிக்கு: போனை சைக்கிளில் நேரடியாகப் பூட்டாதீர்கள். மோட்டார் சைக்கிள் அதிர்வு கமராவைப் பழுதாக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்தது. படம் நடுங்கிக்கொண்டே இருக்கும் போன்கள் ரைடர்மாரிடமிருந்துதான் அதிகம் வருகின்றன.

மட்டக்குளி_அக்கா
உடைவதை விடுங்கள், களவைப் பற்றிக் கேளுங்கள். புறக்கோட்டையில் பஸ் ஏறும் நெரிசலில் என் கைப்பையின் சிப்பைத் திறந்து போனை எடுத்துவிட்டார்கள். பொலிஸில் என்ட்ரி போட்டேன். சிங்களத்தில் எழுதினார்கள், எனக்கு வாசிக்க வராது, கையெழுத்து வைத்தேன். கிளெயிம் போட்டபோது காப்புறுதிக் கம்பனி சொல்லித்தான் தெரிந்தது: "களவு" என்று எழுதவில்லை, "நெதி வுணா", அதாவது காணாமல் போனது, என்று எழுதியிருக்கிறது. காணாமல் போனதற்குக் காசு இல்லையாம். திருத்தி எழுதுவிக்க மூன்று தடவை அலைந்தேன். கடைசியில், பை வெட்டப்படவும் இல்லை, யாரும் பலவந்தமாகப் பறிக்கவும் இல்லை, ஆகவே பத்திரத்தின்படி அது களவே இல்லை என்றார்கள். ஒரு சதமும் வரவில்லை.

முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். முடியாவிட்டால் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, இன்றைக்கே வீட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். அது இல்லாமல் முறைப்பாட்டுக்குப் பெறுமதி இல்லை.

ரைடர்_தெமட்டகொட
அக்கா சொன்னது நடக்கிறதுதான், மனவருத்தமாக இருக்கிறது. நான் சேரும்போதே "தொழிலுக்குப் பாவிக்கிறேன், சைக்கிளில் பூட்டுகிறேன்" என்று எழுத்தில் கொடுத்துப் பதிலும் எழுத்தில் வாங்கினேன். அதனால்தான் காசு வந்தது என்று நினைக்கிறேன். கேட்காமல் கையெழுத்து வைப்பதில்தான் பிழை.

வெள்ளவத்தைக்_கணக்கர்
ரீச்சர், கட்டத்தான் போகிறீர்கள் என்றால் இன்னுமொன்று. கடையில் கொடுப்பது காப்புறுதியா, கடையின் சொந்தத் திட்டமா என்று பாருங்கள். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டப்படி பதிவுபெற்ற கம்பனிதான் இங்கே காப்புறுதி விற்கலாம். பதிவுபெற்ற கம்பனி என்றால், பிரச்சினை வரும்போது ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் முறையிடலாம், பிணக்கு விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம். கடை முதலாளியின் வாக்குறுதிக்கு அந்த வழி கிடையாது, கடை மூடினால் அதுவும் போய்விடும்.

கொட்டாஞ்சேனை_ரீச்சர்
எல்லோருக்கும் நன்றி. இன்று பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்குப் போனேன். முழுப் பத்திரத்தைக் காட்டச் சொன்னேன். தம்பியிடம் இருந்தது மடித்த ஒரு துண்டுப் பிரசுரம் மட்டும். கம்பனிக்கு போன் எடுத்து, வாட்ஸ்அப்பில் எடுத்துத் தந்தார். பாவம், நல்ல பிள்ளை. கம்பனி பதிவுபெற்றதுதான். ஒன்பது பக்கத்தையும் அங்கேயே ஸ்டூலில் இருந்து வாசித்தேன். களவுக்கு, அக்கா சொன்னது போலவே, பலவந்தம் நடந்த அடையாளம் வேண்டும். வருடத்துக்கு ஒரு கிளெயிம்தான். தேய்மானம் ஏழாம் மாதத்திலிருந்து 25 சதவீதம், அண்ணா போட்டதை விடக் கூட.

எனக்கு இருந்த பயம் பஸ்ஸில் களவு போவது. அந்தப் பயத்துக்கு இந்தப் பத்திரம் மருந்தில்லை. ஆகவே கட்டவில்லை. 13,200ஐ அம்மாவின் கணக்கில் போட்டுவிட்டேன், என் கணக்கில் இருந்தால் செலவாகிவிடும். தங்கச்சியின் பழைய போனில் சூம் ஏற்றி வைத்திருக்கிறேன்.

ரைடர்_தெமட்டகொட
உங்களுக்கு அது சரி ரீச்சர். என்னுடையது அடுத்த மாதம் முடிகிறது, நான் புதுப்பிக்கிறேன்.

திருத்துநர்_புறக்கோட்டை
ரீச்சர், டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிவிட்டீர்களா? ஓரம் உயர்ந்த கவரும் போடுங்கள், மேசையில் கவிழ்த்து வைத்தாலும் கண்ணாடி தட்டாது.