தைம்யோவுக்குத் தமிழ்ச்சொல்: 'பெருங்கிழார்'

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஜப்பானில் பெரும் நிலப்பகுதிகளை ஆண்ட தலைவரான 'தைம்யோ'வுக்குக் 'குறுநில மன்னர்' என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. குறுநிலமும் பொருந்தவில்லை, மன்னரும் பொருந்தவில்லை.

எடோ காலத்தில், அதாவது தொகுகவா குடும்பம் ஆண்ட 1603–1867 காலத்தில், ஆண்டுக்கு 10,000 கோக்கு அரிசி மதிப்புள்ள நிலம் இருந்தால்தான் ஒருவர் தைம்யோ. ஒரு கோக்கு ஏறக்குறைய 180 லிட்டர். ஓர் ஆளின் ஓராண்டுச் சோறு. காகா பகுதியின் மயேதா குடும்பத்துக்கு 10 லட்சம் கோக்குக்கு மேல் இருந்தது. அதையும் குறுநிலம் என்பதா?

அடுத்து, ஃபுகுஷிமா மசனோரியைப் பாருங்கள். 1600இல் செகிகஹாராப் போரில், தொகுகவா ஆட்சியை நிறுவிய தொகுகவா இயெயசுவின் பக்கம் நின்று போரிட்டு, ஹிரோஷிமாவில் ஏறக்குறைய 5 லட்சம் கோக்கு பெற்றவர். வெள்ளத்தில் கோட்டை பழுதுபட்டது. நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனின் அனுமதி கிடைக்குமுன் செப்பனிட்டுவிட்டார். 1619இல் அத்தனை நிலத்தையும் பறித்துக்கொண்டு, சுமார் 45,000 கோக்கு மட்டும் கொடுத்து ஷினானோவுக்கு அனுப்பிவிட்டார்கள். தன் கோட்டை மதிலைத் தன் விருப்பப்படி கட்ட முடியாதவரை மன்னர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஓடா நொபுனகா, தகேதா ஷிங்கென் போன்ற போர்த்தலைவர்களின் காலத்துக்கு, அதாவது 16ஆம் நூற்றாண்டுக்கு மட்டும் என்றால் அந்தப் பரிந்துரையில் நியாயம் உண்டு. அன்று அவர்களைத் தட்டிக் கேட்க ஆளில்லை.

'பாளையக்காரர்' இன்னும் நெருங்கி வருகிறது. நிலத்துக்கு ஈடாகப் படை தரும் கடமை இருவருக்கும் உண்டு. ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும் பாஞ்சாலங்குறிச்சி கண்முன் வந்து நிற்கும், ஜப்பான் மறைந்துபோகும்.

'தை' என்றால் பெரிய, 'ம்யோ' என்றால் பெயர். புறநானூற்றுப் பெரும்பெயர் வழுதியை நினைத்து, 'பெரும்பெயரார்' என்று சொல்லிவிட எனக்கும் ஆசை வந்தது. ஆனால் இந்தப் பெயர் புகழைக் குறிப்பதன்று. உடையவரின் பெயரால் வழங்கிய 'ம்யோதென்' என்னும் நிலத்திலிருந்து வந்தது. நிலத்துக்கு உரியவரைக் குறிக்க நம்மிடம் 'கிழார்' இருக்கிறது: கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார். ஆகவே 'பெருங்கிழார்' என்கிறேன். 'பெருநிலக்கிழார்' வேண்டாம், அது இன்று பண்ணையாரைக் குறிக்கிறது. கிழமை என்றால் உரிமை. எனவே தைம்யோவின் ஆட்சிப்பகுதியான 'ஹான்' என்பதைப் 'பெருங்கிழமை' எனலாம். 1871இல் ஒழிக்கப்பட்டவை பெருங்கிழமைகள் என்று எழுதும்போது வாக்கியம் இடறாமல் செல்கிறது.

ஷோகனை மட்டும் சுல்தானைப் போல அப்படியே வைத்துக்கொள்வோம். அது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே தாங்கிய பட்டம். 'சேனாதிபதி' என்றால் அரசனின் ஏவலுக்குக் காத்திருப்பவர் என்ற எண்ணம் வரும். 1603 முதல் 1867 வரை நாட்டை நடத்தியவர்கள் தொகுகவா ஷோகன்கள்தாம்.

எனக்கு இன்னும் பிடிபடாதது 'ஹதாமோதோ'. 10,000 கோக்குக்குக் குறைவாகப் பெற்று, ஷோகனிடம் நேரடியாகப் பணிபுரிந்த சாமுராய்கள். கொடியின் அடியில் நிற்பவர் என்பது சொற்பொருள். 'கொடியடி மறவர்' என்று எழுதிப் பார்த்தேன். 'கொடிக்காவலர்' நன்றாக இருக்குமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.