அம்மா அரைச்சுக் கொடுத்த குழம்பு மிளகாத்தூள்ல வண்டு, மூடிக்கு அடியில கட்டி. எங்க தப்பு நடந்துச்சு?

மூணாம்மாடி:
எல்லாருக்கும் வணக்கம். சென்னையில வேளச்சேரிப் பக்கம் குடியிருக்கோம். ஆடி மாசம் திண்டுக்கல் போனப்ப அம்மா குழம்பு மிளகாத்தூள் அரைச்சுக் கொடுத்தாங்க. மல்லி 1 கிலோ, மிளகாய் அரைக் கிலோ, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் 100 கிராம் வீதம், சீரகம் 100, மிளகு 50, வெந்தயம் 50, விரலி மஞ்சள் 50, கறிவேப்பிலை ரெண்டு கை. வீட்டுக்குள்ளயே ஃபேன் காத்துல காயப்போட்டு அரைச்சாங்க. மில்லுல இருந்து நேரா எவர்சில்வர் தூக்குல போட்டு மூடிட்டோம். ராத்திரி பஸ்ல வர்றப்ப தூக்கு மடியில சுட்டுக்கிட்டே வந்துச்சு.

ரெண்டு மாசம் அருமையா இருந்துச்சு. இப்ப ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் திறந்தா, மூடிக்குக் கீழ ஈரமண் மாதிரி கட்டி, பூசண வாடை. தூளுக்குள்ள எள்ளு அளவுல செம்பழுப்பு வண்டு ஊருது. முக்கால் தூக்கு அப்படியே இருக்கு. அம்மா முழங்கால் வலியோட ஒத்த ஆளா மிளகாய்க் காம்பு கிள்ளினது கண்ணுக்குள்ள நிக்குது. கொட்ட மனசு வரல. சலிச்சு, வறுத்துப் பயன்படுத்தலாமா? எங்க அபார்ட்மெண்ட்ல மொட்டைமாடிச் சாவி தரமாட்டாங்க, வெயில்ல வைக்கவும் வழி இல்ல.

கரிசல்மண்:
தாயி, முதல்ல அந்தத் தூளைக் கொட்டிரு. வருத்தமாத்தான் இருக்கும், ஆனா கொட்டிரு. பூசணம் பிடிச்சதுல அஃப்ளாடாக்சின்னு ஒரு நஞ்சு இருக்கலாம். வறுத்தாலும் கொதிக்க வச்சாலும் அது முழுசாப் போகாது. சலிச்சா வண்டு போகும், முட்டையும் எச்சமும் தூளோடதான் கிடக்கும்.

நான் அருப்புக்கோட்டை. நாப்பது வருசமா வருசத்தூள் அரைக்கிறேன். நீ எழுதினதுல ரெண்டு கோளாறு தெரியுது, ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்காத.

கட்டிக்குக் காரணம் அந்த மடியில சுட்ட தூக்குதான். சூட்டோட மூடினா ஆவி மேல போயி மூடியில வேர்த்து, திரும்பத் தூள்லயே சொட்டும். மில்லுல இருந்து வந்ததும் அகலமா ஒரு வெள்ளை வேட்டியை விரிச்சுக் கொட்டணும். நியூஸ் பேப்பர் வேண்டாம், மை ஒட்டும். மூணு நாலு மணி நேரம் ஆறட்டும். ஆறிருச்சான்னு மேல தொட்டுப் பார்க்காத, நடுக் குவியல்ல கையை விட்டுப் பாரு. மேல ஜில்லுன்னு இருக்கும், உள்ள இன்னும் சூடு அடங்கியிருக்காது. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா அடுத்த நாள் கிளம்பு.

கறிவேப்பிலையும் ஒரு காரணமா இருக்கும். ஃபேன் காத்துல காஞ்ச இலை பார்க்கக் காஞ்ச மாதிரி இருக்கும், நடுநரம்புல ஈரம் நிக்கும். கையில கசக்கினா அப்பளம் மாதிரி நொறுங்கணும். வளைஞ்சா வெறும் சட்டியில போட்டுப் புரட்டு.

வண்டு வந்தது மல்லியில இருந்து. வாங்குறப்பவே ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில கொட்டிப் பாரு. குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை இருந்தாலோ, கையில மாவு ஒட்டினாலோ அந்த மூட்டை வேண்டாம். நல்ல மல்லியை நகத்தால அழுத்தினா டப்புன்னு ரெண்டாப் பிளந்து வாசனை மூக்குல ஏறும். மிளகாயைக் காதுகிட்ட வச்சு ஆட்டினா விதை கலகலன்னு சத்தம் போடணும். சத்தம் வரலைன்னா உள்ள ஈரம். காம்போடயே வாங்கு, காம்பு போன மிளகாய்க்குள்ள ஈரமும் பூச்சியும் சுலபமா ஏறும். கறுத்ததும் வெளுத்ததும் கிடந்தா ஒதுக்கு.

இன்னொண்ணு, ஆடியில வருசத்தூள் அரைக்காதீங்க. எங்க பக்கம் மாசி பங்குனியில புது மல்லியும் புது வத்தலும் வந்துரும். வாங்கி வச்சு, சித்திரையில கத்திரி வெயில் தொடங்கினதும் மொட்டைமாடியில மூணு நாள் காய வச்சு அரைக்கிறதுதான் வழக்கம். அந்த வெயில்ல காஞ்ச மிளகாயை ஒடிச்சா முறியும், வளையாது. காரத்துக்குச் சம்பா வத்தல், குழம்பு கெட்டிப்பட ராமநாதபுரம் குண்டு, ரெண்டையும் பாதிப்பாதி போடுவேன். குண்டு வத்தலுக்குத் தோல் தடிப்பு, கூட ஒரு நாள் காயணும். நிறம் மட்டும் வேணும்னா பேடகி மிளகாய் கொஞ்சம் சேரு, அதுல காரம் கம்மி.

மில்லுக்காரர்மகன்:
அக்கா சொன்னது அத்தனையும் சரி. எங்கப்பா மதுரையில மாவு மில் வச்சிருந்தார், பள்ளிக்கூடம் விட்டதும் தராசுகிட்டதான் உக்காருவேன். ஓடிக்கிட்டே இருந்தா மெஷின் கல்லும் சூடேறிடும். மதியக் கூட்டத்துல கடைசியாப் போனா உங்க தூள் கருகின வாடையோட வரும். காலையில திறந்ததும் போங்க. ஒரே ஓட்டத்துல நைசா அரைக்கச் சொல்லாதீங்க. முதல்ல கொரகொரப்பா ஒரு தடவை, கொஞ்சம் ஆற விட்டு ரெண்டாவது தடவை. மஞ்சளை வீட்டுலயே உலக்கையால நாலா உடைச்சிருங்க, முழு விரலியாப் போட்டா கல்லுல சிக்கும். உங்களுக்கு முன்னாடி என்ன அரைச்சாங்கன்னு கூச்சப்படாமக் கேளுங்க. சீயக்காய் அரைச்ச மெஷின்னா ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டி, அந்த மாவை எடுத்துட்டு அப்புறம் உங்களுதைப் போடச் சொல்லுங்க.

மூணாம்மாடி:
கொட்டிட்டேன் அக்கா. அம்மாகிட்டயும் போன்ல சொல்லிட்டேன். அவங்க வருத்தப்படல, "சூட்டோட மூடினது என் தப்புதான்டி"ன்னாங்க. மீதி மல்லி ஒரு பாக்கெட்ல இருந்துச்சு. எடுத்துப் பார்த்தா அடியில மாவு, நீங்க சொன்ன அதே ஓட்டை. இனிமே ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா? எங்க மாமியார் கல்லுப்பு போடச் சொல்றாங்க.

கரிசல்மண்:
கல்லுப்பு எங்க ஊருக் காத்துக்குச் சரி, நாங்களும் போடுறோம். உங்க சென்னைக் காத்துல உப்பே தண்ணி விடும், போடாத. அதுக்குப் பதிலா ரெண்டு துண்டு கட்டிப் பெருங்காயம் போட்டு வை.

ஃப்ரிட்ஜை விட ஃப்ரீசர் நல்லது. ஆனா அதுல ஒரு நுணுக்கம் இருக்கு. ஜில்லுன்னு இருக்கிற டப்பாவை எடுத்த உடனே திறந்தா வெளிக்காத்து உள்ள போயி வேர்த்துரும், மறுபடி அதே கட்டிதான். 200 கிராம் 200 கிராமாப் பிரிச்சு, காத்துப் போகாத டப்பாவுல போட்டு ஃப்ரீசர்ல அடுக்கு. ஒண்ணை முந்தின ராத்திரியே வெளிய எடுத்து வை, காலையில டப்பாவோட வெளிப்பக்கம் ஈரம் காஞ்சப்புறம் திற. அதைத் திரும்ப ஃப்ரீசர்ல வைக்காத. என் மகள் தாம்பரத்துல அப்படித்தான் வச்சிருக்கா. போன வருசம் சித்திரையில அரைச்ச தூள் இந்த வருசம் பங்குனி வரைக்கும் வாசனை குறையாம வந்துச்சு.

கடையில இருந்து வாங்கின மல்லி, சீரகம், மிளகாயையும் ஒரு வாரம் ஃப்ரீசர்ல வச்சு எடு. வெயில் இல்லாத வீட்டுக்கு, உள்ள இருக்கிற முட்டையைக் கொல்ல அதுதான் வழி. அடுப்புக்குப் பக்கத்து ஷெல்ஃப்ல எதையும் வைக்காத. கொதிக்கிற குழம்புக்கு மேல டப்பாவைப் பிடிச்சுத் தூளைத் தட்டாத, ஒரு தட்டுல எடுத்துக் கொட்டு.

செத்தல்மிளகாய்:
நான் ரொறன்ரோவில இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். எங்கட கறித்தூளுக்கு எல்லாத்தையும் வறுத்துத்தான் இடிக்கிறது. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எண்டு ஒவ்வொண்டாத் தனித்தனிய வறுப்பம். ஒண்டாப் போட்டால் வெந்தயம் கருகிப்போம், மல்லி பச்சையாய் நிக்கும். வறுக்கிறதாலை ஈரமும் போகும், பூச்சியும் போகும். மொட்டைமாடி இல்லாத தங்கச்சிக்கு இது உதவும். மெல்லிய நெருப்பிலை, மல்லி கையிலை சுடுற அளவுக்கு வறுத்தால் காணும், நிறம் மாறத் தேவையில்லை. வறுத்ததையும் ஆறவிட்டுத்தான் அரைக்கவேணும்.

மூணாம்மாடி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பங்குனிக் கடைசியில மூணு நாள் லீவு சேர்த்துப் போட்டிருக்கேன். இந்தத் தடவை மல்லியும் மிளகாயும் நானே பார்த்து வாங்கிட்டுப் போறேன், காம்பும் நானே கிள்ளுறேன். அம்மா இப்பவே அப்பாவோட பழைய எட்டு முழ வேட்டி ஒண்ணைத் துவைச்சு எடுத்து வச்சிருக்காங்களாம்.