ஸ்டெபிலைசர் மாட்டிய பிறகு ஹேண்டில்பார் கனக்கிறது, டயலைத் தளர்த்தியும் தீரவில்லை

மணல்மேடு:
மணலிலும் கல் பாதையிலும் கொஞ்சம் வேகமெடுத்தால் என் எண்டூரோ பைக் முன்பக்கம் தலையை உதறும். அதற்காக ரோட்டரி வகை ஸ்டீரிங் ஸ்டெபிலைசர் (ஹேண்டில்பார் திடீரென உதறாமல் தடுக்கும் எண்ணெய் டேம்பர்) வாங்கி நானே மாட்டினேன். ஹேண்டில்பாருக்கு அடியில் உட்காரும் வகை. ஃப்ரேமின் கழுத்தில் கிளாம்ப் வளையத்தை நுழைக்க மேல் டிரிபிள் கிளாம்பை, அதாவது ஃபோர்க் குழாய்களை மேலே பிடிக்கும் பாகத்தை, கழற்ற வேண்டியிருந்தது. திரும்ப மாட்டும்போது எல்லா நட்டையும் நன்றாகவே இறுக்கினேன்.

இப்போது தலை உதறல் இல்லை. ஆனால் நடை வேகத்தில் வண்டி பாம்பு மாதிரி நெளிகிறது. திருப்பிய ஹேண்டில்பார் தானாக நேருக்கு வருவதில்லை. டேம்பரின் எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கும் டயலைக் கடைசிவரை தளர்த்தியும் அதே கதைதான். உள்ளே இருக்கும் எண்ணெய் கெட்டியா, டேம்பரே பழுதா? பிரித்துப் பார்க்கலாமா?

கிரீஸ்கை:
பிரிக்க வேண்டாம். ஒரு விரலால் ஹேண்டில்பாரை மிக மிக மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். அப்போதும் கனக்கிறதா?

மணல்மேடு:
ஆமாம். தள்ளிய இடத்தில் அப்படியே நிற்கிறது.

கிரீஸ்கை:
அப்படியானால் எண்ணெய்மேல் பழி போடாதீர்கள். டேம்பருக்குள் ஒரு தகடு எண்ணெயைச் சிறு துளை வழியாகத் தள்ளுகிறது. வேகமாகத் திருப்பினால்தான் அது எதிர்க்கும். மெதுவாகத் திருப்பினால் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது. மெதுவாகத் தள்ளும்போதும் கனம் இருக்கிறது என்றால் எங்கேயோ உராய்வு. டயலைத் திருகி உராய்வைக் குறைக்க முடியாது.

முன்சக்கரம் தரையில் படாதபடி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். டேம்பரின் கையை, கிளாம்ப் வளையத்தில் நிற்கும் பின்னிலிருந்து (pin) விடுவியுங்கள். நடுவில் இருக்கும் ஹேண்டில்பாரை லேசாகத் தட்டினால் அது தன் எடையிலேயே ஒரு பக்கம் சாய வேண்டும். கேபிள், பிரேக் ஹோஸ் எதுவும் இழுத்துப் பிடிக்கவில்லை என்பதையும் பாருங்கள். உங்கள் வகையில் ஹேண்டில்பார் உயர்ந்திருக்கும், அதனால் அவை இறுகியிருக்கலாம்.

ஒற்றைத்தடம்:
ஸ்டீரிங் நட்டை இன்னும் அரைச் சுற்று இறுக்குங்கள், நெளியாது. நான் அப்படித்தான் செய்தேன்.

கிரீஸ்கை:
நண்பரே, அவருடைய தொல்லையே அதுவாக இருக்கலாம். இறுகிய ஸ்டீரிங் பேரிங்தான் (ஹேண்டில்பாரும் ஃபோர்க்கும் இதன்மேல்தான் திரும்பும்) நடை வேகத்தில் வண்டியை நெளிய வைக்கும். அதோடு ரோலர்கள் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழும். அப்புறம் ஹேண்டில்பார் நடுவில் 'டக்' என்று உட்காரும், பேரிங்கை மாற்றித்தான் தீர வேண்டும்.

மணல்மேடு:
கையை விடுவித்தேன். கேபிள்கள் தளர்வாகத்தான் இருக்கின்றன. தட்டினால் கொஞ்சம் நகர்ந்து பாதியில் நின்றுவிடுகிறது. பேரிங்தான் போல.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கையைத் திரும்பக் கோர்த்து இடப்பக்கம் முழுதாக ஒடித்தால், கையின் நீள்துளை முடியும் இடத்தில் பின் முட்டுகிறது. வலப்பக்கம் முட்டவில்லை.

கிரீஸ்கை:
நல்ல வேளை, பார்த்தீர்கள். இரண்டில் இதுதான் ஆபத்தானது. ஹேண்டில்பாரை நிறுத்த வேண்டியது ஃப்ரேமில் இருக்கும் ஸ்டாப். அதற்கு முன்னால் அந்தப் பின் (pin) முட்டினால், வண்டி கீழே விழும்போது அந்த அடி முழுவதும் டேம்பருக்குப் போகும். பின் வளையலாம், டேம்பரின் தண்டே முறியலாம். ஒரு பக்கம் மட்டும் முட்டுவதால் கிளாம்ப் வளையம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் பேரிங். மேல் கிளாம்பில் ஃபோர்க்கைப் பிடிக்கும் போல்ட்டுகளையும் நடு நட்டையும் தளர்த்துங்கள். அடியில் இருக்கும், பேரிங்கை அழுத்தும் வளைய நட்டைச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. தட்டினால் சாயவும் வேண்டும். பிறகு நடு நட்டை டார்க் ரென்ச்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கி, மறுபடி தட்டிப் பாருங்கள். அந்த நட்டை இறுக்கும்போது பேரிங்கும் கொஞ்சம் இறுகும், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஃபோர்க் போல்ட்டுகள் கடைசியில்.

அடுத்து கிளாம்ப் வளையம். அதிலுள்ள பின் (pin), ஃப்ரேமின் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். கை பின்மேல் அழுந்தி உட்காரக் கூடாது, மேலும் கீழும் 2 மி.மீ. அளவு அசைய இடம் இருக்கட்டும்.

மணல்மேடு:
இரண்டு மணி நேர வேலை. வளைய நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் விட்டேன், ஹேண்டில்பார் தானாக விழுகிறது! வளையம் பெயின்ட் மேல் வழுக்கித் திரும்பியிருந்தது. துடைத்துவிட்டு நேராக வைத்து இறுக்கினேன். இப்போது இருபுறமும் ஸ்டாப் முந்திக்கொள்கிறது. நடை வேகத்தில் வண்டி நேராகப் போகிறது.

ஆனால் டயல் தளர்ந்தே இருப்பதால் மணலில் பழைய உதறல் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது.

கிரீஸ்கை:
டயலைத் தொடுவதற்கு முன் பின்பக்க சேக் (sag, அதாவது எடை ஏறும்போது சஸ்பென்ஷன் இறங்கும் அளவு) அளந்துவிடுங்கள். முழு உடுப்போடு நீங்கள் உட்காரும்போது 100 மி.மீ. பக்கம் இறங்க வேண்டும். அதைவிட நிறையக் குறைந்தால் பின்பக்கம் உயர்ந்து, ஃபோர்க் செங்குத்தாகி, உதறல் வரும். ஃபோர்க் குழாய்கள் மேல் கிளாம்புக்கு மேலே அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தாலும் இதேதான்.

மணல்மேடு:
அளந்தேன். 85.