லித்துவேனியன் மொழி: இடத்துக்கும் நேரத்துக்கும் எந்த வேற்றுமை? உதவி தேவை

கேட்டவர்: நெமுனாஸ்கரை

வணக்கம். கௌனஸ் நகரில் வேலை பார்க்கிறேன், மாலையில் லித்துவேனியன் வகுப்புக்குப் போகிறேன். வேற்றுமை உருபுகள் மனப்பாடம். ஆனால் பேச வாய் திறந்தால் எதை எங்கே போடுவது என்று புரியவில்லை. உச்சரிப்பைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

கௌனஸில் இருக்கிறேன் என்றால் "கௌனெ". கௌனஸுக்கு என்றால் "ஈ கௌனா". இதில் ஏன் இரண்டாம் வேற்றுமை? நமக்கு "கு" நான்காம் வேற்றுமை ஆயிற்றே!

அடுத்தது, ஒரே வாரத்தில் வந்த இரண்டு அலுவலக அறிவிப்புகள். வெள்ளிக்கிழமைக்கு ஒன்றில் "பெங்க்தாதியெனீ", இன்னொன்றில் "பெங்க்தாதியெனெய்ஸ்". என்ன வித்தியாசம்?

அப்புறம் இந்த "போ". "பிறகு" என்று படித்தேன், மேசைக்கு அடியில் என்பதற்கும் அதே "போ" வருகிறது. யாராவது விளக்குங்களேன்.

பதில்: வேற்றுமைப்பித்தன்

வாங்க. உருபுக்கு உருபு தமிழோடு பொருத்திப் பார்ப்பதை நிறுத்தினாலே பாதிச் சிக்கல் தீரும். இடத்தைப் பொறுத்தவரை லித்துவேனியன் கேட்பது ஒன்றுதான்: இருக்கிறாயா, போகிறாயா, வருகிறாயா?

இருந்தால் ஏழாம் வேற்றுமை, முன்னால் எதுவும் வேண்டாம்: கௌனெ, வில்னியுயெ (தலைநகர் வில்னியஸில்). போனால் "ஈ" போட்டு இரண்டாம் வேற்றுமை: ஈ கௌனா, ஈ வில்னியூ. வந்தால் "இஷ்" போட்டு ஆறாம் வேற்றுமை: இஷ் கௌனோ. நம் ஐந்தாம் வேற்றுமை அவர்களிடம் இல்லை. அந்த வேலையை ஆறாம் வேற்றுமைதான் பார்க்கிறது. நான்காம் வேற்றுமை உண்டு, ஆனால் ஊருக்குப் போக அது உதவாது.

எழுத்தின் அடியில் கொக்கி இருந்தால் அது நெடில். குறில் நெடில் நம் காதுக்குப் பழக்கம் என்பதால் "கௌனா" என்பதன் கடைசி நீட்டத்தைத் தைரியமாக நம்பலாம். ஏழாம் வேற்றுமையில்தான் கவனம் தேவை. பேச்சில் கடைசி "எ" உதிர்ந்துவிடும். "வில்னியுயெ" என்று படித்தது தெருவில் "வில்னியுய்" என்று கேட்கும்.

வீடு மட்டும் தனி வழி. வீட்டில் "நமியெ", வீட்டுக்கு "நமோ", வீட்டிலிருந்து "இஷ் நமூ". "நமோ"வுக்கு முன்னால் "ஈ" போடாதீர்கள்.

பதில்: வில்னியஸ்வாசி

நேரத்துக்கு நான் சொல்கிறேன்.

"பெங்க்தாதியெனீ" இரண்டாம் வேற்றுமை, ஒருமை: குறிப்பிட்ட ஒரு வெள்ளிக்கிழமை. "பெங்க்தாதியெனெய்ஸ்" மூன்றாம் வேற்றுமை, பன்மை: வெள்ளிக்கிழமைதோறும். உங்கள் முதல் அறிவிப்பு ஒரு நாள் கூட்டத்துக்கு, இரண்டாவது வாராவாரம் நடப்பதற்கு. மாலை வேளைகளில் என்பதற்கு "வக்கரைஸ்" என்பதும் இதே கணக்குதான். கடைக் கதவுகளில் கிழமைப் பெயருக்குப் பதில் ரோமன் எண்கள் இருக்கும். திங்கள் I, ஞாயிறு VII.

ஆண்டுக்கும் மூன்றாம் வேற்றுமைப் பன்மை. லித்துவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த ஆண்டைச் சொல்ல "2004 மெத்தைஸ்". ஆனால் மே 1 என்று தேதியும் சேர்ந்தால் ஆண்டு ஆறாம் வேற்றுமைக்கு மாறும், நாள் இரண்டாம் வேற்றுமைக்குப் போகும்: "2004 மெத்தூ கெகுஜேஸ் பிர்மா தியெனா".

மணி சொல்லும்போது உஷார். ஐந்து மணிக்கு "பெங்க்தா வாலந்தா", அதாவது ஐந்தாவது மணியை. ஐந்தரைக்கு "புசே ஷெஷியூ", ஆறில் பாதி! ஆறு என்ற சொல் காதில் விழுந்ததும் ஆறரை என்று நினைத்தால் ரயில் போய்விடும்.

எவ்வளவு காலம் என்பதில் நமக்கு ஒரு லாபம். ஒரு வாரம் இருந்தேன் என்றால் இரண்டாம் வேற்றுமை, "சவைத்தே". ஒரு வாரத்துக்கு வந்திருக்கிறேன் என்றால் நான்காம் வேற்றுமை, "சவைத்தெய்". நம் "கு" அப்படியே பொருந்தும் இடம் இது. எனக்கு ரொம்பப் பிடித்த இடமும் கூட.

பதில்: வேற்றுமைப்பித்தன்

"போ" பாக்கி. பின்னால் வரும் வேற்றுமைதான் அதன் பொருளைத் தீர்மானிக்கும். ஆறாம் வேற்றுமை வந்தால் பிறகு: "போ தார்போ", வேலைக்குப் பிறகு. "போ வலந்தோஸ்", ஒரு மணி நேரம் கழித்து. மூன்றாம் வேற்றுமை வந்தால் அடியில்: "போ ஸ்தலு", மேசைக்கு அடியில். இரண்டாம் வேற்றுமை வந்தால் சுற்றித் திரிவது: "போ மியெஸ்தா", ஊரைச் சுற்றி. "போ"வைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் இந்தத் தொடர்களாகவே பழகுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு முன் என்றால் "பிரியெஷ் வாலந்தா". ஒரு மணி நேரத்துக்குள் "பெர் வாலந்தா". இரண்டும் இரண்டாம் வேற்றுமை.

வழி கேட்கும்போது "தெஷினேன்" (வலப்பக்கம்), "கைரேன்" (இடப்பக்கம்) என்று காதில் விழலாம். "ஈ" இல்லாமலே திசை காட்டும் பழைய வேற்றுமையின் மிச்சம் அது. புரிந்தால் போதும், நீங்கள் பேசும்போது "ஈ" போட்டே சொல்லலாம்.

கேட்டவர்: நெமுனாஸ்கரை

இருவருக்கும் நன்றி. இது சரியா பாருங்கள்: "பெங்க்தாதியெனீ போ தார்போ வஜுவோயு இஷ் கௌனோ ஈ வில்னியூ சவைத்கலியுய்." வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வார இறுதிக்குக் கௌனஸிலிருந்து வில்னியஸுக்குப் போகிறேன்.

பதில்: வில்னியஸ்வாசி

எல்லாமே சரி. நண்பர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் "ஈ வில்னியூ"வுக்குப் பின் "பஸ் த்ரௌகா" சேருங்கள். ஆளிடம் போக "ஈ" வராது, "பஸ்" போட்டு இரண்டாம் வேற்றுமைதான். போய்ச் சேர்ந்து அங்கே இருக்கும்போது ஊர் "வில்னியுயெ" என்று மாறும், "பஸ் த்ரௌகா" மாறாது. மருத்துவரிடம் போனாலும் அவரிடம் இருந்தாலும் "பஸ் கீதீத்தோயா"தான்.