மண்சரிவில் மாடு போயிருச்சு: நட்டஈட்டுக்கு எந்த ஒபிஸ், என்ன அத்தாட்சி?

கேள்வி (லயத்துப்பட்டி, ஹட்டன் பக்கம்)
2025 நவம்பர் திட்வா புயல் மழையில லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால இருந்த மாட்டுக்கொட்டில் மண்ணுக்குள்ள போயிருச்சு. கறவை ரெண்டு, சினைக் கிடாரி ஒன்னு. உடம்பு எதுவும் கிடைக்கல. காதுத்தோடும் (காதுல மாட்டுற இலக்கத் தகடு) போட்டிருக்கல. கமநல சேவை நிலையத்துல இங்க இல்லன்னு அனுப்பிட்டாங்க. காணி தோட்டத்தோடது. என்ன காட்டணும்?

பதில் 1 (பால்கொப்பி)
கமநல நிலையம் நெல்லு, மரக்கறிக்கு. மாட்டுக்கு ஜீ.எஸ். (கிராம சேவகர்), அரச மாட்டு டொக்டர் ஒபிஸ் ரெண்டுலயும் எழுதிக்கொடுங்க. ரெண்டு இடத்துலயும் எண்ணிக்கை ஒன்னா இருக்கணும். ஜீ.எஸ். ஏட்டுல மூனு, டொக்டர் அறிக்கையில ரெண்டுன்னு இருந்தா ஃபைல் டி.எஸ். ஒபிஸ்லயே (பிரதேச செயலகத்துல) படுத்துரும்.

உடம்பு இல்லாததால காகிதம்தான் பேசும். பால் சேகரிப்பு நிலையத்துல உங்க அங்கத்துவ இலக்கத்துக்குக் கடைசி 3 மாசம் ஊத்தின லீட்டர் கணக்கைக் கையெழுத்தோட வாங்குங்க. ஆனா பால் கொப்பி கறவையை மட்டுந்தான் காட்டும். கிடாரி அதுல வராது. அதுக்குச் சினை ஊசி (செயற்கைச் சினைப்படுத்தல்) அட்டை வேணும். அட்டை மண்ணோட போயிருந்தா ஊசி போட்டவரோட பதிவேட்டுல தேதி இருக்கும், பிரதி கேளுங்க. கிடாரி பொறந்தது உங்க பட்டியிலன்னா தாய்க்கு ஊசி போட்ட தேதியோட சுமார் 280 நாள் கூட்டிப் பாருங்க, பொறந்த தேதி வரும், அதுல இருந்து வயசு தெரிஞ்சிரும்.

லயத்துப்பட்டி
நன்றிங்க அண்ணே. கொப்பி அம்மா பேர்ல, மனு என் பேர்ல. பரவாயில்லையா?

பதில் 2 (கச்சேரிப்படி)
அது சிக்கல்தான்! மனுவை அம்மா பேர்லயே போடுங்க தம்பி, வங்கிக் கணக்கும் அவங்களோடதாவே இருக்கட்டும். நம்ம பக்கம் காசு திரும்பிப் போறது பெரும்பாலும் பேராலதான்: அடையாள அட்டையில ஒரு எழுத்து, பேங்க் புக்குல வேற எழுத்து, முதலெழுத்து முன்னுக்குப் பின். ரெண்டும் ஒரே ஆள்தான்னு சமாதான நீதவான் முன்னால சத்தியக்கடதாசி முடிச்சு, ஜீ.எஸ். உறுதிக் கடிதத்தோட முதல்லயே இணைச்சிருங்க. கணக்கு ரொம்ப நாள் ஓடாம கிடந்தா வங்கியில போய் உயிர்ப்பிச்சிக்கங்க.

காணி உறுதி இல்லாததைப் பத்திக் கவலைப்படாதீங்க, மாடு உங்களோடதுங்கிறதுதான் கேள்வி. மாடு அங்க கட்டியிருந்துச்சுன்னு தோட்ட நிர்வாகம் ஒரு வரி எழுதிக்கொடுத்தா பலம். கொட்டிலுக்குக் கேக்குறது வேற விசயம்: அதே சரிவுல திரும்பக் கட்டுறதுக்கு முன்னால மண்சரிவு அபாயம் பாக்குற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் அந்த இடத்தைப் பத்தி என்ன சொல்லியிருக்குன்னு பாருங்க.

பதில் 3 (மலைச்சாரல்)
மனுவைத் தமிழ்லயே எழுதுங்க. பிரதி ஒன்னுல திகதி முத்திரை குத்தி வாங்காம வெளியில வராதீங்க. நட்டஈட்டுப் பட்டியல்ல பேர் விடுபட்டா பிரதேச செயலாளருக்கு மேன்முறையீடு, பிரதி கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்). காரணம் சொல்லாம இழுத்தா 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்க. தருவாங்களா இல்லையான்னு 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும்.

மத்தவங்களுக்கும் ஒன்னு: செத்த மாடு கிடைச்சா டொக்டருக்குச் சொல்லாம புதைக்காதீங்க. முழு உடம்பு, முகம், தோட்டு இலக்கம், கிடந்த இடம் எல்லாம் போட்டோ. காப்புறுதி இருந்தா தோட்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்க. குழி பீலித்தண்ணிக்கு (மலை ஊத்துல இருந்து குழாய்ல வர்ற தண்ணி) மேல்பக்கம் மட்டும் வேணாம்.