பெரிய இன்ஜின்களின் சூடும் ஆயில் கசிவும்: நமக்கு நடந்தவை

பெரிய சிசி பைக் ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், பேச்சு எங்கே சுற்றினாலும் தொடை வேகிற கதைக்கும் ஆயில் சொட்டுகிற கதைக்கும் வந்துவிடும். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன், பிறகு ஒவ்வொருவராக வாருங்கள். ஏர் கூல்டு வி-ட்வின், அதாவது V வடிவில் முன்னும் பின்னுமாக இரண்டு சிலிண்டர், காற்றிலேயே குளிர்வது. 1200 சிசிக்கு மேல். கைக்கு வந்தபோதே பழைய வண்டி.

இந்த அமைப்பில் முன் சிலிண்டர் புதுக் காற்றை வாங்கிக்கொள்ளும். பின் சிலிண்டருக்குக் கிடைப்பது முன்னது சுடவைத்து அனுப்பிய மிச்சம். ஓடும்போது சமாளித்துவிடும். டிராஃபிக்கில் நின்றால் இரண்டுக்குமே காற்று இல்லை, சூட்டை வெளியே விடச் சிலிண்டரைச் சுற்றி இருக்கும் தகடுகளான ஃபின்கள் வெறும் அலங்காரம்தான். அதனால்தான் ஹார்லி-டேவிட்சன் சில மாடல்களில், இன்ஜின் ரொம்பச் சூடாகி வண்டி ஐடிலில் நிற்கும்போது பின் சிலிண்டரை வேலை செய்யாமல் நிறுத்தி வைக்கும் வசதியைக் கொடுத்தார்கள். டுகாட்டியின் மல்டிஸ்ட்ராடா வி4-இலும் நிற்கும்போது பின்வரிசை சிலிண்டர்கள் ஓய்வெடுக்கும். விஷயம் தெரியாமல் வண்டி எடுத்தவர்கள் சத்தம் மாறியதும் "மிஸ்ஸிங் வருது" என்று பதறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கசிவுக்கு வருவோம். பின் சிலிண்டரின் அடிப்பாகம் எப்போது பார்த்தாலும் வியர்த்த மாதிரி ஈரமாக இருந்தது. காட்டிய இடத்தில் "பேஸ் கேஸ்கெட் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்" என்றார்கள். பேஸ் கேஸ்கெட் என்பது சிலிண்டரின் அடி இணைப்பில் ஆயில் கசியாமல் அடைக்கும் பட்டை. எனக்கு மனம் ஒப்பவில்லை. டீகிரீசர் போட்டு மொத்தமாகக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சந்தேகப்பட்ட பக்கம் முழுக்கக் காலுக்குப் போடும் ஸ்பிரே பவுடரை அடித்தேன். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரும் அளவுக்கு ஒரு சுற்று ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் பென்சிலால் கோடு போட்டதுபோல ஒரு கறுப்பு இழை. அது தொடங்கியது அடியில் அல்ல, மேலே, சிலிண்டர் ஹெட்டை மூடும் ராக்கர் கவரின் மூலையில். அங்கிருந்து ஃபின்களுக்கு இடையே இறங்கி அடியில் போய்த் தேங்கியிருக்கிறது. காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், புவியீர்ப்பு கீழே இழுக்கும். ஆகவே சொட்டுகிற இடத்தை விட்டுவிட்டு, ஈரம் இருப்பதிலேயே உயரமான, முன்னால் இருக்கிற புள்ளியைத் தேடுங்கள்.

கழற்றிய ராக்கர் கவர் கேஸ்கெட்டை விரலால் லேசாக வளைத்தேன். ரப்பராக இருக்க வேண்டியது பிளாஸ்டிக் துண்டுபோல 'டக்' என்று ஒடிந்தது. உடைந்த முகத்தைப் பார்த்தால், உருண்டையாக இருக்க வேண்டிய விளிம்பு சப்பையாகி, உள்ளே சூடு பட்ட பக்கம் மட்டும் பளபளவென்று இறுகியிருந்தது. பத்து சென்டிமீட்டர் அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.23 மில்லிமீட்டர் நீளும். அதே அளவு ஸ்டீல் 0.12 தான். கவரும் போல்ட்டும் ஒரே அளவில் நீளாதபோது, ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் அந்த இணைப்பு கொஞ்சம் அசைந்து கொடுக்கிறது. ரப்பர் உயிரோடு இருக்கும்வரை அந்த அசைவை அது வாங்கிக்கொள்ளும். பின் சிலிண்டரில் அது சீக்கிரம் சாவதில் ஆச்சரியமே இல்லை. புது கேஸ்கெட் போட்டு, இன்ஜின் ஆறிய நிலையில், டார்க் ரெஞ்ச் வைத்துக் குறுக்கு மறுக்காக முடுக்கியாயிற்று. இன்ஜினை இறக்கவில்லை.

* * *

அண்ணா சொன்னது சூடு கேஸ்கெட்டைத் தின்ற கதை. என் வண்டியில் கேஸ்கெட் எல்லாம் நன்றாகவே இருந்தது, ஆனாலும் ஒழுகியது.

ஆயிரம் சிசி, இன்லைன் நான்கு சிலிண்டர், லிக்விட் கூல்டு. சர்வீஸ் முடிந்து வந்த கொஞ்ச நாளில் கிளட்ச் கவர் ஓரம் ஈரம், முன் ஸ்பிராக்கெட் பக்கம் பிசுக்கு, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் அடியில் ஆயில் குளம். மூன்று இடத்தில் ஒரே சமயத்தில் வந்தால் மூன்று சீல்களும் பேசிவைத்துக்கொண்டு போனதாக அர்த்தமில்லை, உள்ளே பிரஷர் ஏறியிருக்கிறது. கிளட்ச் கவர் கேஸ்கெட்டை மாற்றினார்கள், திரும்ப வந்தது. அப்புறம் இன்னொருவர் வண்டியை நேராக நிமிர்த்தி, ஆயில் அளவு காட்டும் கண்ணாடியான சைட் கிளாஸைப் பார்த்தார். மேல் கோடே தெரியவில்லை, கண்ணாடி முழுக்க ஆயில். சைட் ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தி அளவு பார்த்து ஊற்றியிருக்கிறார்கள். என் வண்டியை நேராக நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். வேறு மாடல்களில் சைட் ஸ்டாண்டில்தான் பார்க்கச் சொல்வார்கள், மேனுவலைப் பாருங்கள். ஆயில் அதிகமானால், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும். உள்ளே காற்றுக்கு இடம் குறையும், உள்ளே ஏறும் காற்றை வெளியேற்றும் ப்ரீதர் குழாய் வழியாக ஆயிலும் சேர்ந்து ஏர் பாக்ஸுக்குப் போகும். அதிகப்படியை இறக்கிவிட்டு ஏர் பாக்ஸைத் துடைத்தபின் கிளட்ச் கவர் காய்ந்துவிட்டது. ஸ்பிராக்கெட் பக்கத்துச் சீல் மட்டும் ஏற்கனவே தேய்ந்திருந்தது, அதை மாற்றினோம். அந்த இடத்தில் செயின் லூப் தெறித்துக் கிடப்பதால் கசிவு வெகுநாள் ஒளிந்திருக்கும்.

இந்தப் பிரஷர் விஷயத்தில் உங்கள் வி-ட்வின் எங்களைவிட மோசம். நான்கு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் இறங்கும்போது இரண்டு ஏறும், கீழே உள்ள மொத்த இடம் பெரிதாக மாறாது. 45 டிகிரி வி-ட்வினில் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே இறங்கும். பழைய பிரிட்டிஷ் 360 டிகிரி ட்வின்களிலும் அப்படித்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் கிராங்க் இருக்கும் கூடான கிராங்க்கேஸ் ஒரு பம்ப். ப்ரீதர் அடைத்துக்கொண்டால் அந்தக் காற்று இருப்பதிலேயே பலவீனமான சீல் வழியாக ஆயிலையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். பிரிட்டிஷ் ட்வின்கள் ஒழுகுவதற்குப் பேர் வாங்கியதில் இதற்கும் பங்கு உண்டு, கேஸைச் செங்குத்தாக இரண்டாகப் பிளந்து ஒட்டியதற்கும் பங்கு உண்டு. 1969-இல் வந்த ஹோண்டா சிபி750-இல் கேஸ் கிடைமட்டமாகப் பிரியும். பெரிய வண்டி என்றால் தரையில் கறை இருக்கத்தான் செய்யும் என்ற நினைப்பே அதற்குப்பின் மாறியது.

பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டியிலும் இதே கதைதான். எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் நிற்காது. சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று கம்ப்ரெஷன் பாருங்கள்.

* * *

என்னுடையதில் சொட்டியது ஆயிலே இல்லை, இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட். வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ளே சீல் தேய்ந்தால் நமக்குத் தெரியட்டும் என்றே வைத்தது. கூலன்ட் பக்கத்துச் சீல் போனால் கூலன்ட் வரும், ஆயில் பக்கம் போனால் ஆயில் வரும். வெள்ளை டிஷ்யூவில் தொட்டுப் பார்த்தால் போதும்: கூலன்ட் நிறமாகத் தெரியும், ஆயில் பழுப்பாக வழவழக்கும். எனக்கு முன் வண்டி வைத்திருந்தவர் அந்த ஓட்டையில் சிலிக்கான் வைத்து அடைத்திருந்தார்! வெளியே வர வழியில்லாத கூலன்ட் ஆயிலுக்குள் போய், டிரெயின் செய்தபோது பால் காபி நிறத்தில் வந்தது. யாரும் அதை அடைக்காதீர்கள்.

* * *

சூட்டைப் பற்றி ஒரு கேள்வி. கெட்டியான ஆயில் போட்டால் கசிவு குறையும், சூடும் குறையும் என்று ஒருவர் சொன்னார். 10டபிள்யூ-40 போட வேண்டிய வண்டிக்கு 20டபிள்யூ-50 போடலாமா? கால் தாங்கமுடியாமல் சுடுகிறது.

* * *

முன் எண் குளிர்ந்த நிலைக்கு, பின் எண் 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதற்கு. மேனுவல் அனுமதித்தால் வெயில் காலத்தில் 50 போடலாம், பழைய ஏர் கூல்டு வண்டிகளுக்கு அதுவே வழக்கம். இறுகிப்போன சீலை எந்த ஆயிலும் இளக்காது, சொட்டு கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவே. கிளட்ச் ஆயிலில் நனையும் வண்டி என்றால் பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக்குறியான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 போட்டிருக்கிறதா என்று டப்பாவைப் பாருங்கள், இல்லையென்றால் கிளட்ச் வழுக்கும்.

அப்புறம், கால் சுடுவதும் இன்ஜின் ஓவர்ஹீட் ஆவதும் ஒன்றல்ல. லிக்விட் கூல்டு வண்டியில் மீட்டர் 100-ஐ ஒட்டிக் காட்டி ஃபேன் சுழல்வது சாதாரணம். சிஸ்டம் பிரஷரில் இருப்பதால், ரேடியேட்டர் மூடி சரியாக இருந்தால் கூலன்ட் 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். ஃபேன் தள்ளுகிற சூடும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் சூடும் உங்கள் காலுக்கு வருகின்றன. மீட்டர் ஏறிக்கொண்டே போனால்தான் பயப்பட வேண்டும். அப்போது முதலில் ரேடியேட்டர் முகத்தைப் பாருங்கள், சேறும் பூச்சியும் அடைத்திருக்கும். பிறகு கூலன்ட் அளவு, ஆறிய பிறகு மட்டும். சூட்டில் அந்த மூடியில் கை வைக்கக் கூடாது.

ஆயிலை வைத்தே குளிரவைப்பதும் நடந்த கதைதான். 1985 சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750-இல் ஹெட்டின் மேல் ஆயிலைப் பீய்ச்சி அடித்துச் சூட்டை எடுத்தார்கள். அப்படிப்பட்ட வண்டியில் ஆயில் கூலரின் குழாய் இணைப்புகளையும் கசிவுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஆயில் பிரஷரில் ஓடுகிறது, பின் டயருக்குத் தெறித்தால் நிற்க நேரம் கிடைக்காது.

* * *

டிரை சம்ப், அதாவது ஆயில் தனி டேங்கில் இருக்கும் வண்டிக்காரர்களுக்கு ஒன்று. ரொம்ப நாள் நிறுத்தி வைத்தால் டேங்கில் இருக்கும் ஆயில் பம்ப்பின் செக் வால்வைத் தாண்டி மெல்லக் கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் காலியாகக் காட்டும். என் நண்பர் அதை நம்பி நிறைய ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தார், ப்ரீதர் வழியாக அத்தனையும் தரையில் கொட்டியது. இன்ஜின் பாழ் என்றே முடிவு கட்டிவிட்டார். துடைத்துவிட்டு, வண்டியைச் சூடேறும்வரை ஓட்டி, மேனுவல் சொன்ன முறையில் நிறுத்தி டிப்ஸ்டிக்கைப் பார்த்தோம். அளவு மேல் கோட்டில் நின்றது. இன்றுவரை ஒரு சொட்டு இல்லை.