குடும்பக் குழு: காரின் வேகமும் சைலன்சர் காசும்

சின்னவன்: அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை நிச்சயதார்த்தத்துக்குப் போகும் காருக்குப் புது எயர் ஃபில்டரும் சைலன்சரும் போட்டதில், 0 இலிருந்து மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தை எட்டும் நேரம் 7 செக்கனிலிருந்து 6.7 ஆகக் குறைந்துவிட்டது. கராஜ் காசில் ஆளுக்கொரு பங்கு தாருங்கள்.

பெரியத்தான்: எதைக் கொண்டு அளந்தாய்?

சின்னவன்: தொலைபேசிச் செயலியால் அளந்தேன், அத்தான்.

கொழும்பு அண்ணா: தம்பி, சாதாரணமாகத் தொலைபேசியின் ஜிபிஎஸ் செக்கனுக்கு ஒரு முறைதான் இடத்தைப் புதுப்பிக்கிறது, 60இல் ஓடும் கார் அந்த ஒரு செக்கனுக்குள் ஏறக்குறைய 17 மீற்றர் போய்விடும் என்பதால், 0.3 செக்கன் வித்தியாசத்தை அதனிடம் கேட்பதே வீண். டிராகி போன்ற கையடக்கக் கருவி செக்கனுக்கு 10 முறை பதிகிறது. முடுக்கத்தை மட்டும் உணரும் பழைய வகைக் கருவிகளில் வேறொரு தொல்லை உண்டு. கார் பாயும்போது மூக்கு ஒரு பாகை தூக்கினாலே புவியீர்ப்பின் ஒரு பங்கு முடுக்கமாகப் பதிவாகி, இல்லாத 0.17 மீற்றரைக் கூட்டிக் காட்டும்.

பெரியம்மா: 0.17 மீற்றர் என்றால் ஒரு சாண் கூட வராதே.

கொழும்பு அண்ணா: அது நீளம் அன்று, பெரியம்மா, ஒவ்வொரு செக்கனிலும் கூடும் வேகம்.

உவர்மலை மாமா: முதல் ஓட்டத்தில் நானும் மாமியும் காரில் இருந்தோம். இரண்டாவது ஓட்டத்துக்கு எங்களைச் சந்தியில் இறக்கிவிட்டுப் போனான்.

கொழும்பு அண்ணா: அப்படியானால் கணக்கே கவிழ்கிறது. 1,000 கிலோ காரில் ஓட்டுபவரோடு உங்கள் இருவரின் 130 கிலோவும் சேர்ந்தால் எடை 12% கூடுகிறது. நீங்கள் இறங்கியதற்கே ஏறக்குறைய 0.7 செக்கன் குறைந்திருக்க வேண்டும். 0.3 மட்டுமே குறைந்தது உண்மையானால், புதுச் சைலன்சர் காரைச் சோரச் செய்திருக்கிறது.

மாமி: என் எடையைக் குழுவில் எழுத வேண்டாம்.

பெரியத்தான்: அப்பப்பாவின் மொரிஸ் மைனரை விற்காமல் இருந்திருந்தால் இந்தக் கணக்கே வந்திருக்காது.

உவர்மலை மாமா: விற்ற காசு எங்கே போனது என்று நானும் கேட்கலாம்.

பெரியம்மா: அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

சின்னவன்: சரி, கருவி வாங்கி ஞாயிறு விடிய முறையாக அளப்போம். உவர்மலை இறக்கத்திலேயே ஓடலாம்.

கொழும்பு அண்ணா: இறக்கத்தில் கூடாது. 100 மீற்றருக்கு ஒரு மீற்றர் சரிந்தாலே இந்தக் காருக்கு 0.3 செக்கன் இலவசமாகக் கிடைத்துவிடும். நிலாவெளி தாண்டிக் குச்சவெளிப் பக்கம் சமதரை பார்த்து, டயர் காற்றையும் பெற்றோலையும் ஒரே அளவில் வைத்து, ஏசியை நிறுத்தி, இரு திசையிலும் ஓடிச் சராசரி எடுக்க வேண்டும். பழைய ஃபில்டரையும் சைலன்சரையும் திரும்பப் பூட்டி ஒரு முறை ஓடினால்தான் ஒப்பிட முடியும். 60க்கு மேல் போக வேண்டாம். அங்கே எல்லை 70தான்.

நிலாவெளிச் சித்தி: விடியற்காலையில் மாடுகள் தெருவில்தான் படுத்திருக்கும். அந்தச் சைலன்சர் போடும் சத்தத்தோடு சம்பந்தி வீட்டு வாசலுக்கு யார் போவது?

சின்னவன்: பழையது கராஜில்தான் இருக்கிறது, சித்தி. கேட்டுப் பார்க்கிறேன்.

பெரியத்தான்: கருவிக்குப் பங்கு போட்டால் தருகிறேன். சைலன்சருக்கு, அளந்த பிறகு பார்ப்போம்.

உவர்மலை மாமா: ஞாயிறு நான் வருகிறேன். ஆனால் காரில் ஏறமாட்டேன்.